சும்மா இருக்கத் தெரியாத பெரியப்பா

பெரியப்பா தெருவில் வருகிறார் என்று தெரிந்தால், வேலை செய்துகொண்டிருப்பவர்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துகொள்வார்கள். அவர் கோபக்காரர் அல்ல. உதவி செய்துவிடுவாரே என்ற பயம்தான்.

மயிலாப்பூரில் லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒட்டியிருந்தன. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். பெரியப்பா என் அப்பாவுக்கு மூத்தவர். உப்பு இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர். நிலைப்படியில் குனிந்துதான் நுழைய வேண்டிய உயரம், இரண்டு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத உடம்பு. ஓய்வு பெற்றபோது வேலை போயிற்றே தவிர பலம் போகவில்லை. அந்தப் பலம் தெருவெல்லாம் வேலை தேடி அலைந்தது. யாராவது ஒரு தண்ணீர்க் குடத்தின் பக்கம் குனிந்தால் போதும், "நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று பின்னாலிருந்து குரல் வரும். குடத்துக்குச் சொந்தக்காரி திரும்பிப் பார்ப்பதற்குள் குடம் வேறு யார் வீட்டு வாசலிலாவது இருக்கும். அவருக்குப் பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பெரியம்மா குடையோடு வருவாள். உடைந்ததைப் பொறுக்குவதும் மன்னிப்புக் கேட்பதும் அவள் பொறுப்பு.

லஸ் முனையில் குதிரைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஒருநாள் அங்கே ஒரு ஜட்கா நின்றுகொண்டிருந்தது. வண்டி நகரவில்லை என்பதை மட்டும் பார்த்த பெரியப்பா, தோள் கொடுத்துத் தள்ளிவிட்டார். குதிரை முன்னங்கால்களோடு தொட்டிக்குள் இறங்கிவிட்டது.

வண்டிக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "இன்னா நைனா, குதிரை தண்ணி குட்ச்சிக்கினு கீது. நீ இன்னாத்துக்கு வண்டியத் தள்றே?"

"முடியாம நிக்குதோன்னு நெனச்சேன்."

"குதிரை நல்லாத்தான் இருந்திச்சி. இப்பதான் முடியாம நிக்குது."

பிறகு பெரியப்பாவே தொட்டிக்குள் இறங்கிக் குதிரையை வெளியே ஏற்றினார். அதில் தொட்டியின் ஒரு பக்கச் சுவர் போயிற்று. அன்று முதல் அந்த வண்டிக்காரர் அவரைக் கண்டால் குதிரையை ஓட்டத்திலேயே வைத்திருப்பார்.

யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியாகி ஊர்ப்பக்கம் ஓடியபோது, எங்கள் சந்தில் இருந்த எல்லாரும் வீட்டுச் சாவியைப் பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். வேறு வழி இல்லை. போகாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். சில மாதம் கழித்துத் திரும்பி வந்து கதவைத் திறந்தால், எவர் வீட்டிலும் அவரவர் சாமான் இல்லை. எதிர்வீட்டு மாமாவின் ஊஞ்சல் கோடிவீட்டு முன்கட்டில் தொங்கியது. கோடிவீட்டுப் பீரோ எங்கள் வீட்டில். எங்கள் மீன்சட்டி எதிர்வீட்டு மாமியின் சமையலறையில், நடு அடுப்பின் மேல்.

மாமி வாசலில் நின்று அழாத குறை. "எங்காத்து அடுப்பு மேல மீன்சட்டியை வெச்சிருக்கேளே, உங்களுக்கே நன்னா இருக்கா?"

பெரியப்பா பொறுமையாக விளக்கினார். "ஒரு வீட்டு மேல குண்டு விழுந்தா அந்த வீட்டுக்காரருக்கு எல்லாமே போயிரும்லா? அதான் எல்லார் சாமானையும் எல்லா வீட்டுலயும் பங்கு வச்சேன். எங்க விழுந்தாலும் எல்லாருக்கும் கொஞ்சந்தான் போகும்."

மாமா மட்டும், "இவர் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கோன்னோ" என்றார். மாமி அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. பெரியம்மா மஞ்சள் தண்ணீரும் சாணமும் கொண்டுபோய் அந்த அடுப்பை மெழுகிக் கொடுத்துவிட்டு வந்தாள். குண்டு கடைசிவரை எங்கள் சந்தில் விழவில்லை. எங்கள் அம்மிக்குழவி இன்றைக்கும் யார் வீட்டிலோ இருக்கிறது.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு போதகர் எங்கள் கோயிலுக்குப் பிரசங்கம் செய்ய வந்தார். போதகரை நாங்கள் ஐயர் என்போம். தங்கள் ஊர்ப்பக்கத்தில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடப்பதாகச் சொன்னார். "அங்கே வேலை மிகுதி, தாங்கும் கரங்களோ குறைவு" என்று உருக்கமாக முடித்தார். அடுத்தபடி காணிக்கைப் பை சுற்றி வரவேண்டும். அதற்குள் பெரியப்பா எழுந்துவிட்டார்.

"ஐயரே, நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கிடுதேன். குடும்பத்தோட வாரேன்."

போதகரின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். "பொருளுதவி செய்தாலே போதும்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். பெரியப்பாவின் காதில் விழவில்லை. கோயிலில் இருந்த மற்றவர்கள் மட்டும் ஒரு மனதாக, பலத்த குரலில் "ஆமென்" சொன்னார்கள். அவர் ஊரில் இல்லாத ஒரு கோடைக்காலத்தை அவர்கள் ஏற்கெனவே அனுபவிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்படித்தான் பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, நான் என்று ஐந்து பேர் கடல்கடந்து சேவை செய்யக் கிளம்பினோம். எனக்குப் பன்னிரண்டு வயது. அனாதைப் பிள்ளைகள் என்றால் கைக்குழந்தைகள் என்று பெரியப்பா முடிவு செய்திருந்தார். மந்தைவெளி ஆசாரி ஒருவரிடம் சொல்லி ஆறு மரத்தொட்டில் செய்து வாங்கினார். அப்பா மட்டும், "அண்ணே, பிள்ளைகளுக்கு எத்தனை வயசுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

"வயசு என்னடா வயசு? பிள்ளைன்னா தூங்கத்தான செய்யும்" என்றார் பெரியப்பா.

எழும்பூரில் தொட்டில்களை ரயிலில் ஏற்றியது ஒரு கதை. தனுஷ்கோடியில் கப்பல் ஏறும் முன் சுங்கத்தில் நின்றது அதைவிடப் பெரிய கதை. அதிகாரி தொட்டில்களை எண்ணினார். பிறகு எங்களை எண்ணினார். கடைசியில் என் அம்மாவையும் பெரியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிள்ளைகள் எங்கே?"

"அங்க இருக்கு" என்று பெரியப்பா கடலைக் காட்டினார்.

"யாருடைய பிள்ளைகள்?"

"யாருமில்லாத பிள்ளைக."

"அப்போ தொட்டில் யாருக்கு?"

"யாருமில்லாத பிள்ளைகளுக்குத்தான்."

அதிகாரி வெகுநேரம் தொட்டில்களின் அடிப்பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். உள்ளே எதுவும் மறைத்திருக்கவில்லை என்பதுதான் அவருக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. கப்பல் ஊதிய பிறகே எங்களை விட்டார். அதற்குள் பக்கத்தில் வரிசையில் நின்ற ஒரு வியாபாரியின் மூட்டையைத் தூக்கி உதவிய பெரியப்பா, அதைத் திரும்பிப் போகிறவர்களின் பக்கம் வைத்துவிட்டிருந்தார். நாங்கள் கப்பலில் ஏறும்போது கரையில் அந்த மனிதர் யாரையோ பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

இல்லம் யாழ்ப்பாணத்துக்கு வடக்கே, செம்மண் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. நாங்கள் மாட்டுவண்டியில் தொட்டில்களோடு போய் இறங்கியதும் ஒரு மணி அடித்தது. இருபது முப்பது பிள்ளைகள் ஓடிவந்து வரிசையாக நின்று, ஒரே சமயத்தில் இரண்டு கைகளையும் எங்கள் முன்னால் நீட்டினார்கள். ஏதோ கேட்கிறார்கள் என்று நினைத்து அம்மா பதறிப்போய்ப் பையில் கையை விட்டாள். பெரிய பிள்ளைகளுக்குப் பதினைந்து வயது இருக்கும். எல்லாரிலும் சின்னவன் ஒன்பது வயதுப் பையன். பெரியப்பா தொட்டிலை இறக்குவதைப் பார்த்து அவன் ஓரடி பின்வாங்கினான்.

இல்லத்தைப் பார்த்துக்கொண்ட மேட்ரன் ஒல்லியான, சிரிக்காத அம்மாள். "கையைக் கீழ விடுங்கோ பிள்ளையள்" என்று அவர்களை அதட்டிவிட்டு எங்களிடம் சொன்னாள்: "குறை நினைக்காதேங்கோ. போன மாசம் கொழும்பிலையிருந்து ஒரு குடும்பம் சேவைக்கெண்டு வந்து எல்லாருக்கும் நகம் வெட்டிவிட்டவை. அதுக்கு முதல் வந்த குடும்பமும் நகந்தான் வெட்டினவை. சனம் வந்தால் இவையள் தன்பாட்டில கையை நீட்டுவினம்."

அந்தப் பிள்ளைகளின் விரல்களில் வெட்டுவதற்கு நகமே இல்லை.

மறுநாளே எங்களுக்கு ஒன்று விளங்கிவிட்டது. அந்த இல்லத்தில் எங்களால் ஆக வேண்டியது எதுவும் இல்லை. பிள்ளைகளே சமைத்தார்கள், துவைத்தார்கள், தோட்டத்தில் வெங்காயம் பயிரிட்டார்கள். எங்கள் தொட்டில்களை மேட்ரன் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல காத்தோட்டமாய் இருக்கு" என்று சொல்லி அறுவடையான வெங்காயத்தைப் போட்டுவைத்தாள். அம்மா பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்றுக்கொடுக்கப் போனாள். அந்தப் பாட்டை முந்தி வந்த குடும்பங்கள் எல்லாம் கற்றுக்கொடுத்திருந்தன. அப்பா கணக்குச் சொல்லித்தரப் போய், பதில் தெரியாமல் திரும்பிவந்தார்.

பெரியப்பா மட்டும் தோற்க மறுத்தார். கிணற்றடியில் துலா இருந்தது. உயரத்தில் குறுக்கே கிடக்கும் நீண்ட மரம். அதன் மேல் இரண்டு பையன்கள் முன்னும் பின்னும் நடக்க, ஒரு முனையில் கட்டிய வாளி கிணற்றுக்குள் இறங்கி ஏறும். அந்தப் பையன்களைப் பார்த்துப் பெரியப்பாவின் கண் கலங்கிவிட்டது.

"பச்சப் புள்ளைகளை மரத்து மேல ஏத்தி வேலை வாங்குதாவளே! எறங்குங்க மக்கா, நான் பாத்துக்கிடுதேன்."

பையன்கள் இறங்கினார்கள். பெரியப்பா ஏறினார். மரத்தின் பின்முனைப் பக்கம் அவர் வைத்த இரண்டாவது அடியில், கிணற்றுக்குள் இருந்த வாளி துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே வந்து, வாளியைப் பிடிக்க நின்றவளைத் தலையோடு நனைத்தது. அதைச் சரிசெய்ய அவர் திரும்பி ஓடினார். மரம் மறுபக்கம் சாய்ந்தது. பெரியப்பா வெங்காயப் பாத்தியில் விழுந்தபோது அந்தச் சத்தம் பக்கத்துத் தோட்டம்வரை கேட்டதாகச் சொன்னார்கள்.

வலது கால் முறிந்துவிட்டது. முறிவு வைத்தியர் ஒருவர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, "ஒரு மாசத்துக்குக் கட்டிலை விட்டு அசையப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு லீவு முடிந்து அவரும் அம்மாவும் ஊர் திரும்பினார்கள். பெரியம்மாவுக்குத் துணையாக நான் தங்கினேன்.

பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அதுநாள்வரை வந்தவர்கள் எல்லாம் சேவை செய்துவிட்டுப் போனவர்கள். சேவை செய்துகொள்ள என்று ஓர் ஆள் அவர்கள் கையில் அகப்பட்டது அதுதான் முதல் தடவை. விடவில்லை. ஒருத்தி முகம் கழுவிவிட்டாள். அவள் போனதும் இன்னொருத்தி வந்து மறுபடி கழுவினாள். தலைவாரிவிட முறை போட்டுக்கொண்டார்கள். அவருக்கு இருந்த முடியே காதோரம் நாலுதான். மாலையில் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்று அவருக்கு ஆறுதலாக, எல்லாக் குடும்பங்களும் கற்றுக்கொடுத்த அந்த ஒரே பாட்டைப் பாடினார்கள். கடைசியில் ஒரு பையன் கத்தரிக்கோலோடு வந்து கையை நீட்டச் சொன்னான்.

"நகம் நேத்துத்தானப்பா வெட்டினீங்க" என்றார் பெரியப்பா.

"பறவாயில்லை ஐயா, நீங்கள் சும்மா இருங்கோ. நாங்கள் பாக்கிறம்."

பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இந்தக் களேபரத்தைப் பார்த்துவிட்டு மேட்ரன் ஓர் ஒழுங்கு செய்தாள். பாக்கியம் என்ற பெண்ணை அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் வைத்தாள். வாளித் தண்ணீரில் நனைந்தவள்தான் அவள். பதினைந்து வயது. கட்டிலுக்குப் பக்கத்தில் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். கேட்டால் தண்ணீர் கொடுப்பாள், கேட்காவிட்டால் படித்துக்கொண்டிருப்பாள். பெரியப்பாவுக்கு அது புது அனுபவம். வேண்டுமா என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்றால் சும்மா இருக்கிற ஒருத்தியை அவர் ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

வைத்தியர் கட்டைப் பிரித்துக் காலை அழுத்திப் பார்த்து, எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, நாளையிலிருந்து மெல்ல நடக்கலாம் என்று சொன்ன அன்று, பாக்கியம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுதாள். பெரியப்பா துடித்துப்போனார்.

கேட்டுக் கேட்டு விஷயம் வெளியே வந்தது. இல்லத்தின் கமிட்டியில் இருந்த ஒரு பெரிய மனிதரின் மகள் கொழும்பில் இருந்தாள். அவளுடைய கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பாக்கியத்தை அனுப்புவதென்று முடிவாகியிருந்தது. இல்லம் அவர் தயவில் நடந்தது. மேட்ரனால் மறுக்க முடியவில்லை. மெட்ராஸ்காரர் எழுந்து நடக்கும்வரை அவள் வேண்டும் என்று மட்டும் சொல்லித் தள்ளிப்போட்டிருந்தாள். பள்ளிப் பரீட்சை முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதில் தேறிவிட்டால் மேற்கொண்டு படிக்க மிஷன் இடம் கொடுக்கும்.

பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். "நீ அழாத. நான் பாத்துக்கிடுதேன். அந்த ஆளு வீட்டுக்கே போறேன். இல்லன்னா கவர்னரைப் பாக்கேன். இல்லன்னா உன்னை மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்."

பாக்கியத்துக்கு அழுகை நின்றுவிட்டது. பயந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, ஒண்டும் செய்யாதேங்கோ."

"பின்னே?"

"ஒண்டும் செய்யாமல் படுத்திருங்கோ. சோதினை முடியுமட்டும் நீங்கள் எழும்பாமல் இருந்தால் காணும், வேறையொண்டும் வேண்டாம்."

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா அந்தப் பெண்ணின் தலையைத் தடவி, "மக்கா, நீ கேக்கது ரொம்பப் பெரிய காரியம்" என்றாள்.

அவர் பொய் சொல்லாதவர். அதுதான் முதல் சிக்கல். "வலிக்குதுன்னு நான் சொல்ல மாட்டேன். எந்திரிக்க மாட்டேன்னு வேணா சொல்லுதேன், அது நெசம்" என்று விதி வகுத்துக்கொண்டார். வைத்தியர் வந்து "நோகுதோ?" என்று கேட்டால், "நான் எந்திரிக்கல" என்பார். "கால் எப்பிடி?" என்றால், "இருக்கு" என்பார். வைத்தியர் குழம்பிப்போய் மேட்ரனைக் கூப்பிட்டார். மேட்ரன் பளபளவென்று இருந்த காலைக் குனிந்து பார்த்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "ஓம், வீக்கம் இன்னும் வத்தேல்லை" என்றாள்.

அந்த மூன்று வாரம் அவர் பட்ட பாட்டை நான் கூட இருந்து பார்த்தேன். கட்டில் ஜன்னலோரம் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே உலகம் முழுவதும் வேலையாக நடந்தது. ஆடு கயிற்றைச் சுற்றிக்கொண்டு கத்தியது. ஒரு சிறுமி தன்னைவிடப் பெரிய பானையைச் சுமந்து போனாள். பெரியப்பாவின் கால்கள் போர்வைக்குள் தாமாகவே நடந்தன. பெரியம்மா போய்ப் போர்வையை இழுத்துச் செருகுவாள்.

பரீட்சை தொடங்கி நடந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு தாள் பாக்கி இருந்த ஒரு மத்தியானம், கமிட்டிக்காரரே கோட்டும் தொப்பியுமாக வந்து சேர்ந்தார். உண்மையிலேயே நோயாளிதானா என்று தாமே பார்த்துவிட வந்திருந்தார். கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து வாசல் மணலில் ஒரு மாட்டுவண்டி புதைந்தது. வண்டி நிறையப் பனைமரத் தீராந்தி, கூரைக்குப் போடும் கனத்த உத்தரக் கட்டைகள். வண்டிக்காரர் ஒருபக்கம் தள்ள, பிள்ளைகள் ஒருபக்கம் தள்ள, சக்கரம் இன்னும் ஆழமாக இறங்கியது. "ஆராவது ஒரு கை பிடியுங்கோவன்!" என்று வண்டிக்காரர் கத்தினார்.

பெரியப்பா தோள் கொடுத்தால் அந்த வண்டி ஒரே மூச்சில் எழுந்துவிடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கழுத்து நரம்பு புடைத்தது. மாடு ஒன்று முழங்கால் மடித்து விழுந்தபோது, அவர் தொண்டையிலிருந்து "ஆண்டவரே" என்று ஒரு சத்தம் வந்தது. கண்ணிலிருந்து நீர் தாரையாக வழிந்தது. கட்டில் சட்டம் விரிசல் விட்டது.

கமிட்டிக்காரர் பதறி எழுந்துவிட்டார்.

"ஐயோ, சரியான நோவு போலக் கிடக்கு! இந்த மனுசன் படுறதைப் பாக்கேலாது. அந்தப் பெட்டை இங்கையே நிக்கட்டும்" என்று மேட்ரனிடம் சொன்னார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே போய் வண்டியைத் தள்ளினார். அவர் வண்டி தள்ளி அந்த ஊர் பார்த்ததே இல்லையாம். வண்டி எழுந்தது. பிள்ளைகள் அவருக்குக் கைதட்டினார்கள். பெரியப்பா அதைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பாக்கியம் மீதி இரண்டு தாளையும் எழுதினாள். கடைசித் தாள் முடித்து அவள் வாசலுக்குள் நுழைந்தபோது பெரியப்பா எழுந்து நின்றார், நடந்தார், அன்று மாலைக்குள் இல்லத்தின் கோழிக்கூட்டைப் பழுதுபார்க்கிறேன் என்று பிரித்துப் போட்டார். கோழிகளை எல்லாரும் இருட்டும்வரை தேடினோம். மேட்ரன் முதல் தடவையாகச் சிரித்தாள். நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, பாக்கியம் தேறிவிட்டாள் என்றும், மிஷன் அவளை ஆசிரியைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது என்றும் அந்தப் போதகர் மூலம் தெரியவந்தது. கொழும்புக் குழந்தைக்கு வேறு ஆயா கிடைத்துவிட்டாளாம்.

பெரியப்பா மாறிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். எழும்பூரில் இறங்கிய அன்றே, யாரையோ வரவேற்க வந்து பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவரை அந்தப் பெட்டியோடு புறப்படுகிற ரயிலில் ஏற்றிவிட்டார். சந்தில் பழையபடி கதவுகள் சாத்தப்பட்டன.

ஆனாலும் கடல்கடந்து சேவை செய்துவிட்டு வந்தவர் என்று ஒரு மரியாதை இருந்தது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் அவரைச் சுற்றி நின்று, அங்கே என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள்.

"என்ன செஞ்சேன்? சும்மா படுத்துக்கெடந்தேன்" என்றார் பெரியப்பா.

கோயில் வாசலே அதிரும்படி எல்லாரும் சிரித்தார்கள். எத்தனை அடக்கமான மனிதர் என்று ஒருவர் நெகிழ்ந்துபோனார். ஒருவரும் நம்பவில்லை. பெரியப்பா இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

பெரியம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"கலியாணம் ஆன நாள்ல இருந்து, இந்த மனுசன் இந்நேரம் எங்க இருக்காவன்னு நான் தேடாம இருந்தது அந்தக் கொஞ்ச நாள்தான்டி. இன்னொரு கால் முறிஞ்சா நல்லாருக்கும்னு ஜெபம் பண்ணலாமா, அது பாவமான்னு ஐயர்கிட்ட கேக்கணும்."

முன்னால் போய்க்கொண்டிருந்த பெரியப்பாவைக் காணவில்லை. பக்கத்துச் சந்துக்குள் ஏதோ விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. பெரியம்மா குடையை மடக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.